கல்லை அறிவதற்குக் காரணம் எது? இடைக்கால ஐரோப்பிய மெய்யியலில் காரணமும் புலனறிவும் மனமும்

மேசை மேல் ஒரு கல் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒருவர் ‘இது கல்’ என்று அறிகிறார். சற்று முன்பு அவரிடம் இல்லாத அறிவு இப்போது இருக்கிறது. இல்லாதிருந்து உண்டாகும் எதற்கும் காரணம் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டால், இந்த அறிவு உண்டானதற்கும் காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் கல்லா, கண்ணா, மனமா, அல்லது இவை எல்லாம் கூடியதா? 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கற்பித்த மெய்யியலாளர்கள் புலன்களையும் மனத்தையும் பற்றி எழுதியவற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது. இன்று நாம் உளவியல் என்றும், அறிவுக்கொள்கை என்றும், காரணகாரியக் கொள்கை என்றும் தனித்தனியாகப் பிரித்துப் படிப்பவை அவர்களுக்கு ஒரே பாடமாக இருந்தன. அதனால் காரணம் என்றால் என்ன என்பதில் ஒருவர் கருத்து மாறினால், மனம் எவ்வாறு அறிகிறது என்பதிலும் அவர் கருத்து மாறியே தீரும். அந்த மாற்றங்களைக் கால வரிசையில் தொடர்ந்து பார்ப்பதே தொடக்க வாசகருக்கு நல்ல வழி என்று கருதுகிறேன்.

ஸ்கொலாஸ்டிக் மெய்யியல் என்ற பெயரைக் கேட்டதும், சமயக் கட்டுப்பாட்டுக்குள் எல்லாரும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்ன காலம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. அந்த எண்ணம் தவறானது. பல்கலைக்கழகங்களில் வளர்ந்த ஒரு வாதமுறைக்கே அந்தப் பெயர். ஆசிரியர் ஒரு கேள்வியை எழுப்பி, தமக்கு உடன்பாடில்லாத விடைக்குரிய வாதங்களை முதலில் இயன்ற அளவு வலுவாக எடுத்துரைப்பார். பின்னர் எதிர்நிலைக்குச் சான்றாக ஒரு மேற்கோளைக் காட்டி, தம் விடையை விளக்கி, தொடக்கத்தில் வைத்த வாதங்களுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி தருவார். பரபக்கம் கூறிச் சுபக்கம் நிறுவும் முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எதிர்வாதத்தை வலுவாகச் சொல்லும் பழக்கம் உள்ள இடத்தில் கருத்து வேறுபாடு தழைக்கும் என்பதற்கு இனி வருவனவே சான்று.

அவர்கள் கையில் இருந்த மூலப்பொருள் பண்டைக் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில். ஆனால் அவர் தனியாக வந்து சேரவில்லை. அரபு மொழியில் எழுதிய மெய்யியலாளர்களின் உரைகளோடும் விரிவாக்கங்களோடும் சேர்ந்தே வந்தார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயின் நாட்டின் டொலேடோ நகரில், பாரசீக மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூல் லத்தீனுக்கு மாற்றப்பட்டது. அவென்தாவுத் என்ற யூத அறிஞர் அரபு மூலத்தைச் சொல் சொல்லாக வட்டார மொழியில் வாய்மொழியாகச் சொல்ல, தொமினிக்குஸ் குந்திசலினுஸ் என்ற திருச்சபை அலுவலர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதினார். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு இப்னு ருஷ்து எழுதிய உரைகள் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தன. கோர்தோபாவைச் சேர்ந்த அந்த நீதிபதியை லத்தீன் அறிஞர்கள் ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிட்டார்கள். திருச்சபைக்கு இவை எளிதில் செரிக்கவில்லை. 1210இல் பாரிஸில் இயற்கையைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கற்பிக்கத் தடை விதிக்கப்பட்டது. 1255இல் அதே பாரிஸின் கலைப் பிரிவு அந்நூல்களையே பாடத்திட்டமாக அறிவித்தது.

இனி, காரணம் என்பதற்கு அவர்கள் கொண்ட பொருளைப் பார்ப்போம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்த நூல்கள் கூறுவது தமிழில் நன்கு அறிந்த செய்தி. அரிஸ்டாட்டில் இதே போன்ற பகுப்பில் நான்கு காரணங்களைச் சொல்கிறார். எதனால் ஆனது என்பது பொருட்காரணம். அதை ஆக்கியது எது என்பது செயற்காரணம். அது இன்னதாக இருக்கச் செய்வது எது என்பது வடிவக் காரணம். எதற்காக என்பது நோக்கக் காரணம். சக்கரம் போன்ற கருவிகள் செயற்காரணத்தின் கீழ் அடங்கும். இவற்றுள் இக்கட்டுரைக்கு மிக வேண்டியது வடிவக் காரணம். வடிவம் என்பதைப் புறத் தோற்றமாகக் கொள்ளக் கூடாது. கல்லைக் கல்லாகவும் குதிரையைக் குதிரையாகவும் இருக்கச் செய்யும் அமைப்புக்கு அந்தப் பெயர். உயிருள்ள உடலின் வடிவமே ஆன்மா என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை.

அறிதலை அரிஸ்டாட்டில் விளக்கும் இடம் இந்த வடிவக் கருத்திலேயே நிற்கிறது. கல்லை அறியும்போது ஆன்மாவுக்குள் கல் வந்துவிடுவதில்லை, கல்லின் வடிவமே வருகிறது என்பது அவருடைய வாக்கு. மோதிர முத்திரையின் வடிவத்தை மெழுகு ஏற்கிறது. மோதிரத்தின் பொன்னை ஏற்பதில்லை. புலன் அறிவதும் அவ்வாறே என்றார். சுருங்கச் சொன்னால், அறியப்படும் பொருள் செயல்படுகிறது, அறிபவர் ஏற்கிறார்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. செயல்படுவது செயலை ஏற்பதைவிட மேலானது என்ற கொள்கை அரிஸ்டாட்டிலிடமும் உண்டு, கிறித்தவ மரபின் பெரும் ஆசிரியரான அகுஸ்தினாரிடமும் உண்டு. அகுஸ்தினார் அதைக் கடுமையாகவே கையாண்டார்: உடல் ஆன்மாவைவிடத் தாழ்ந்தது, ஆகையால் உடலால் ஆன்மாவின் மீது எதையும் செய்ய இயலாது, புலன்வழி அறிதலில்கூட, உடலில் நிகழ்வதை ஆன்மாவே கவனித்துத் தன்னுள் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. அரிஸ்டாட்டிலையும் அகுஸ்தினாரையும் ஒருசேர மதித்தவர்களுக்கு இது பெரிய நெருக்கடி. சடமான கல் எவ்வாறு சடமல்லாத அறிவாற்றலில் ஒரு மாற்றத்தை உண்டாக்க முடியும்? உண்டாக்க முடியாது என்றால், நம் அறிவு கல்லைப் பற்றியது என்று எதை வைத்துச் சொல்வது? பின்னால் வந்த கொள்கைகள் ஏறத்தாழ எல்லாமே இந்த இரு கேள்விகளுக்கு நடுவே வழி தேடியவை.

ஆன்மாவின் ஆற்றல்களை மூன்று படிகளாகப் பிரிப்பது எல்லாருக்கும் பொது. வளர்தலும் இனம்பெருக்கலும் தாவரத்துக்கும் உண்டு. புலனறிவும் இடம்பெயர்தலும் விலங்குக்கும் உண்டு. பகுத்தறிவு மனிதருக்கே உரியது. இந்தப் பகுப்பு 17ஆம் நூற்றாண்டிலேயே தமிழுக்கு வந்துவிட்டது என்பதை இடையே சொல்லிச் செல்லலாம். மதுரையில் வாழ்ந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி, தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தே நொபிலி எழுதிய ஆத்தும நிருணயம், ஸ்கொலாஸ்டிக் ஆன்மக் கொள்கையைத் தமிழ் உரைநடையில் விவாதிக்கிறது.

கல்லிலிருந்து கண்வரையிலான முதற்கட்டத்தை மிக விரிவாக ஆராய்ந்தவர் ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேக்கன். இப்னு அல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய ஒளியியல் நூல் லத்தீனில் கிடைத்திருந்தது. அதைப் பேக்கன் ஆழ்ந்து கற்றார். அவர் கொள்கைப்படி, உலகிலுள்ள ஒவ்வொரு செயற்காரணமும் தன்னை அடுத்துள்ளதில் முதலில் தன் சாயலை உண்டாக்குகிறது. லத்தீனில் ஸ்பெக்கியெஸ் எனப்பட்ட இதைச் சாயல் என்றே இங்கு அழைப்போம். நெருப்பு அருகிலுள்ள காற்றில் வெப்பத்தின் சாயலை உண்டாக்குகிறது. நிறம் ஒளியூடகத்தில் நிறத்தின் சாயலை உண்டாக்குகிறது. அந்தச் சாயல் அடுத்த பகுதியில் இன்னொரு சாயலை உண்டாக்குகிறது. இவ்வாறு தொடர்ந்து கண்ணை அடைகிறது. ஆகவே பார்த்தல் என்பது இயற்கையில் எங்கும் நடக்கும் காரணச் செயலின் ஒரு வகை மட்டுமே. கல்லுக்கும் கண்ணுக்கும் இடையே நடப்பதற்கெனத் தனி விதி எதுவும் இல்லை. காரணக் கொள்கையும் புலனறிவுக் கொள்கையும் இவ்வளவு முழுமையாக ஒன்றான இடம் வேறில்லை என்பேன்.

கண்ணுக்கு அப்பால் உள்ள வேலையை விளக்க இப்னு சீனா உதவினார். ஐந்து புறப்புலன்களுக்கு மேல் ஐந்து அகப்புலன்கள் உண்டு என்றும், அவை மூளையின் முன், நடு, பின் அறைகளில் தங்குகின்றன என்றும் அவர் எழுதினார். ஐம்புலன்களும் தருவதை ஒன்றுகூட்டும் பொதுப்புலன், அதைச் சேர்த்துவைக்கும் ஆற்றல், சேர்த்துவைத்தவற்றைப் பிரித்தும் கூட்டியும் புதியன புனையும் கற்பனை, மதிப்பிடும் ஆற்றல், நினைவு என்பன அவை. மதிப்பிடும் ஆற்றலுக்கு அவர் காட்டிய ஆடு, ஓநாய் எடுத்துக்காட்டை அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அனைவரும் எடுத்தாண்டார்கள். ஆடு ஓநாயின் நிறத்தையும் உருவத்தையும் கண்ணால் காண்கிறது. பகைமையைக் கண்ணால் காண இயலாது, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனாலும் ஆடு அதை உணர்ந்து ஓடுகிறது. ஆகையால் புலனுக்கு எட்டும் பண்புகளோடு சேர்ந்து வரும் புலனுக்கு எட்டாத பொருளைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் ஒன்று விலங்குக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். விலங்குகளின் உளவியலை இவ்வளவு மதிப்போடு அணுகிய எழுத்து அந்தக் காலத்துக்கு எளிதில் கிடைப்பதன்று.

இவ்வளவும் உடலுறுப்பைச் சார்ந்த அறிவு. இந்தக் கல், அந்த ஓநாய் என்று தனிப்பொருளோடு நிற்பது. மனிதரோ கல் என்னும் பொதுமையையும் அறிகிறார். கற்களைப் பற்றி எங்கும் பொருந்தும் கூற்றுகளைச் சொல்கிறார். இந்தத் தாவலை விளக்கும் முயற்சியில் தாமஸ் அக்குவினாஸ், சுமார் 1225இல் பிறந்து 1274இல் மறைந்த இத்தாலியத் தொமினிக்கன் துறவி, அனைவருக்கும் அளவுகோலாக நிற்கும் ஒரு விடையைத் தந்தார். ‘இறையியல் தொகுப்பு’ எனப்படும் அவருடைய பெருநூலின் முதற்பகுதியில் 75 முதல் 89 வரையுள்ள கேள்விகள் மனிதரைப் பற்றியவை.

அவர் விடையின் நடை இது. புலன்களின் வேலை முடிவில் கற்பனையில் ஒரு மனப்படிமம் எஞ்சுகிறது. அந்தப் படிமம் இன்னும் தனிப்பொருளின் நிறம், அளவு, இடம் ஆகியவற்றோடு ஒட்டியிருக்கிறது. தன் அளவில் அது அறிவாற்றலின் மீது செயல்பட இயலாது. அறிவாற்றலுக்குள் இரு திறன்கள் உண்டு. ஒன்று செயலறிவு, அது படிமத்தின் மீது ஒளி போலப் பாய்ந்து, தனிப்பொருளுக்குரிய கூறுகளை விலக்கி, பொது வடிவத்தை வெளிப்படுத்துகிறது. மற்றொன்று ஏற்பறிவு, அது அந்த வடிவத்தின் சாயலை ஏற்று, அதனால் வடிவம் பெற்று, கல் என்பதை நினைக்கிறது. இந்த வடிவத்தை உருவிப் பிரித்தெடுக்கும் வேலையே பிரித்தெடுப்பு எனப்படுகிறது.

இப்போது நம் காரணக் கேள்வியைக் கேட்டால், அக்குவினாஸ் தரும் மறுமொழி மிக நுட்பமானது: புலனறிவு அறிவாற்றலின் அறிவுக்கு முழுமையான காரணமாகாது, அது ஒருவகையில் காரணத்துக்குரிய மூலப்பொருள். அதாவது, படிமம் மண் போன்றது. அதைக் கொண்டு செயல்படுவது செயலறிவு. தாழ்ந்தது மேலானதன் மீது செயல்பட இயலாது என்ற கொள்கை இவ்வாறு காப்பாற்றப்படுகிறது. நம் அறிவு உலகிலிருந்து பெறப்படுவது என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையும் காப்பாற்றப்படுகிறது. படிமங்களை விட்டு அறிவாற்றல் இயங்காது என்பதற்கு அவர் காட்டும் சான்றுகளும் கவனிக்கத்தக்கவை. மூளை நோயால் கற்பனையோ நினைவோ கெட்டுப்போனவர், முன்பு நன்கு கற்றவற்றைக்கூட எண்ணிப் பார்க்க இயலாமல் போகிறார். மேலும், எதையாவது புரிந்துகொள்ள முயலும் ஒவ்வொருவரும் அதற்கு ஓர் எடுத்துக்காட்டை மனக்கண்ணில் வரைந்துகொள்வதைத் தம்மிடமே காணலாம்.

சாயலைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் அவர் விடுக்கிறார். நாம் அறிவது சாயலை அன்று. சாயலால் கல்லை அறிகிறோம். சாயலே அறியப்படும் பொருள் என்றால் எல்லா அறிவியலும் நம் மனத்திலுள்ளவற்றைப் பற்றியதாகிவிடும், அவரவர்க்குத் தோன்றுவதே உண்மையாகிவிடும், முரண்பட்ட இரு கூற்றுகளும் ஒருசேர உண்மையாகிவிடும். இந்த இடத்தை அழுத்தமாகப் படித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அடுத்த தலைமுறை தாக்கியது இதைத்தான்.

அதற்கு முன் 1270இல் பாரிஸைக் கலக்கிய ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். பொதுமையை ஏற்கும் அறிவாற்றல் சடமல்லாதது. சடப்பொருளில் பதியும் வடிவம் தனிப்பட்டதாகிவிடும் என்பதால், ஏற்பறிவு ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்திருக்க இயலாது, மனித குலம் முழுமைக்கும் ஒன்றே ஒன்றுதான் என்று இப்னு ருஷ்து தம் பெரிய உரையில் முடிவு செய்திருந்தார். அவரவர் மனப்படிமங்கள் வழியே நாம் அந்த ஒற்றை அறிவோடு தொடர்பு கொள்கிறோம் என்பது அவர் விளக்கம். பாரிஸில் பிரபாந்தின் சிகெர் முதலிய இளம் ஆசிரியர்கள் இதைக் கற்பித்தார்கள். அக்குவினாஸ் இதற்கு எதிராக ஒரு தனி நூல் எழுதினார். ‘இந்த மனிதர் அறிகிறார்’ என்பது எவரும் மறுக்க இயலாத அனுபவம், அதை விளக்கத் தவறும் கொள்கை தோற்ற கொள்கை என்பது அதன் அச்சாணி. ஒரு சுவரின் நிறத்தின் சாயல் என் கண்ணில் இருக்கிறது. அதனால் சுவர் பார்க்கிறது என்று யாரும் சொல்வதில்லை, சுவர் பார்க்கப்படுகிறது என்றே சொல்வோம். அதுபோல, என் படிமங்களின் சாயல் எங்கோ உள்ள ஒற்றை அறிவில் இருந்தால், நான் அறிகிறேன் என்று ஆகாது. நான் அறியப்படுகிறேன் என்றே ஆகும். ஸ்கொலாஸ்டிக் எழுத்து முழுவதிலும் இதைவிடக் கூர்மையான வாதத்தைச் சில இடங்களிலேயே காணலாம். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று பாரிஸ் மறைமாவட்டத் தலைவரான ஆயர் எத்தியேன் தாம்பியே 13 கூற்றுகளைக் கண்டித்தார்; மனிதர் அனைவருக்கும் அறிவாற்றல் ஒன்றே என்பது அந்தப் பட்டியலின் முதற்கூற்று.

அக்குவினாஸின் விடையில் மனநிறைவு கொள்ளாதவர்களில் துணிச்சல் மிக்கவர் தென் பிரான்சின் பிரான்சிஸ்கன் துறவி பீட்டர் ஜான் ஒலிவி. சாயல் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும், அது இடையில் நின்றால் நம் பார்வை முதலில் அதன் மீதே படும். பொருளைக் காட்ட வந்தது பொருளை மறைக்கும் திரையாகிவிடும் என்று அவர் வாதிட்டார். செயல்படுவது கல் என்பதையே அவர் மறுத்தார். அகுஸ்தினார் வழியில், அறிதல் முழுக்க ஆன்மாவின் செயல் என்றார். ஆன்மா தன் கவனத்தைப் பொருளை நோக்கிச் செலுத்துகிறது; கவனம் வேறிடத்தில் இருக்கும்போது கண்முன் உள்ளதும் தெரியாமல் போவது இதனால்தான். அப்படியென்றால் கல்லுக்கு என்ன பங்கு? கவனம் சென்று நிற்கும் எல்லையாகக் கல் இருக்கிறது. கல்லைப் பற்றிய அறிவு குதிரையைப் பற்றியதாக இல்லாமல் கல்லைப் பற்றியதாக இருப்பது அந்த எல்லையால்தான். எதையும் செய்யாமல், வெறுமனே எல்லையாக நிற்பதாலேயே காரணமாகும் ஒன்றை அரிஸ்டாட்டிலின் நான்கில் எதில் சேர்ப்பது? ஒலிவி இந்தச் சங்கடத்தை அறிந்தே ஏற்றார். மனத்தின் இயல்பை விளக்கக் காரணத்தின் பட்டியலையே விரிக்க வேண்டும் என்று துணிந்ததில் அவருடைய சிறப்பு இருக்கிறது.

கல் மட்டும் என்றும் மனம் மட்டும் என்றும் நின்ற இரு தரப்புக்கும் நடுவே, 1308இல் ஜெர்மனியின் கொலோனில் மறைந்த ஸ்காட்லாந்துப் பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ் ஒரு நடுவழி கண்டார். காரணங்கள் இருவகையில் கூடிச் செயல்படலாம். இரண்டு பேர் ஒரு கப்பலை இழுக்கும்போது இருவரும் செய்வது ஒரே வகை வேலை. ஒருவருக்கே போதிய வலிமை இருந்தால் மற்றவர் தேவையில்லை. தாயும் தந்தையும் சேர்ந்து குழந்தைக்குக் காரணமாவது அவ்வாறன்று. இருவரின் பங்கும் வெவ்வேறு வகை, ஒருவர் பங்கு எவ்வளவு மிகுந்தாலும் மற்றவர் பங்கை ஈடுசெய்யாது. பொருளும் அறிவாற்றலும் இந்த இரண்டாம் வகையில் கூடி அறிவைப் பிறப்பிக்கின்றன, அவற்றுள் அறிவாற்றலே முதன்மையானது என்றார் அவர். அறிவை நேரறிவு, பிரித்தறிவு என்று இரண்டாகப் பகுத்ததும் அவர்தான். பொருள் இங்கே இப்போது உள்ளது என்ற நிலையில் அதைப் பற்றுவது நேரறிவு. பொருள் உள்ளதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் அதை எண்ணுவது பிரித்தறிவு. எதிரே இருக்கும் கல்லைக் காண்பது முன்னது. நேற்றுக் கண்ட கல்லை நினைப்பது பின்னது.

நேரறிவு என்ற கருத்து வந்ததும் புதிய கேள்வி ஒன்று கிளம்பியது: பொருள் இல்லாமலே நேரறிவு போன்ற ஒன்று நிகழக்கூடுமா? பிரெஞ்சுப் பிரான்சிஸ்கன் துறவி பீட்டர் ஔரியோல் நிகழ்கிறது என்றார், அன்றாட அனுபவங்களையே சான்றாகக் காட்டினார். படகில் செல்பவருக்குக் கரையிலுள்ள மரங்கள் நகர்வதாகத் தெரிகின்றன. கொள்ளிக்கட்டையை வேகமாகச் சுழற்றினால் காற்றில் நெருப்பு வட்டம் தெரிகிறது. நீரில் பாதி மூழ்கிய கோல் முறிந்ததாகத் தெரிகிறது. அந்த வட்டம் காற்றில் இல்லை, கண்ணிலும் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று தெரிகிறது. பொருளுக்குத் தோற்றமாக இருக்கும் ஒரு நிலை உண்டு, உண்மைக் காட்சியில் அதுவும் பொருளும் ஒன்றுவதால் வேறுபாடு தெரிவதில்லை, மயக்கத்தில் பிரிந்து தெரிகிறது என்பது அவர் முடிவு.

ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்த வில்லியம் ஆக்கம் இந்தத் தோற்றநிலையையும் ஏற்கவில்லை, சாயலையும் ஏற்கவில்லை. தேவையின்றிப் பலவற்றைக் கொள்ளக் கூடாது என்பது அவர் அடிக்கடி கையாண்ட விதி. பொருளும் அறிவாற்றலும் இருந்தாலே அறிவு நிகழ்கிறது என்றால் இடையில் வேறொன்று எதற்கு? தொலைவிலுள்ள பொருள் இடையே எதையும் தொடாமல் எவ்வாறு செயல்படும் என்ற மறுப்புக்கு அவர் காந்தத்தைக் காட்டினார். அது இரும்பைத் தொடாமலே இழுக்கிறது. காரணம் என்பதற்கும் அவர் தந்த அடையாளம் மிகச் சிக்கனமானது. ஒன்று இருக்கும்போது விளைவு உண்டாகிறது, மற்றவை எல்லாம் அப்படியே இருக்க அது மட்டும் இல்லாதபோது விளைவு உண்டாவதில்லை என்றால், அதைக் காரணம் என்று கொள்ளப் போதும். வடிவம் கடந்து செல்வதோ, சாயல் பிறப்பதோ இந்த அடையாளத்தில் இடம்பெறவில்லை. பேக்கனிடம் காரணம் என்பது தன்னைப் போன்றதைத் தந்து செல்லும் உறவு. ஆக்கத்திடம் அது இருத்தல், இன்மை ஆகியவற்றின் ஒழுங்கு. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டுதான்.

அந்த அரை நூற்றாண்டில் நடந்த ஒன்று முக்கியமானது. 1277 மார்ச் 7 அன்று ஆயர் தாம்பியே மீண்டும் 219 கூற்றுகளைக் கண்டித்தார். அவற்றுள் பல, இறைவனின் ஆற்றலுக்கு இயற்கையின் ஒழுங்கு எல்லை வகுப்பதாகத் தோன்றிய கூற்றுகள். படைக்கப்பட்ட காரணம் ஒன்றால் இறைவன் செய்வதை அக்காரணம் இன்றித் தாமே செய்யவும் அவருக்கு இயலும் என்ற கொள்கையை அதன்பின் எந்த ஆசிரியரும் புறக்கணிக்க முடியவில்லை. கேட்பதற்குப் பக்தியுரை போல இருக்கும் இக்கொள்கை மெய்யியலில் கத்தியாக வேலை செய்தது. விண்மீனைப் பார்க்கும் நேரறிவுக்கு விண்மீன் காரணம் என்றால், இறைவன் விண்மீனை அழித்துவிட்டு அந்த நேரறிவை மட்டும் நிலைநிறுத்தலாம். ஆக்கம் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் அப்போதும் அந்த நேரறிவால் ‘விண்மீன் இல்லை’ என்றே நாம் சரியாகத் தீர்ப்போம் என்று கூறி உறுதிப்பாட்டைக் காக்க முயன்றார். இந்த இடத்தில் அவர் வாதம் மெலிந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. அவருடைய காலத்தவர்களிலும் பலர் இதை ஏற்கவில்லை.

அந்தக் கத்தியைக் கடைசிவரை ஓட்டியவர் பாரிஸில் கற்பித்த நிக்கோலாஸ் ஓட்ரகூர். அவர் பெர்னார்ட் அரெத்சோ என்ற பிரான்சிஸ்கன் துறவிக்கு ஒன்பது கடிதங்கள் எழுதினார். இரண்டு மட்டும் முழுமையாகக் கிடைக்கின்றன. முதற்கடிதத்தில், நேரறிவுக்குப் பொருள் இருந்தாக வேண்டியதில்லை என்று கூறும் பெர்னார்டைப் பார்த்து, அப்படியென்றால் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை இருக்கிறாரா என்பதும் உமக்குத் தெரியாது, உமக்குத் தலையும் தாடியும் உண்டா என்பதும் உறுதியாகாது என்று கேலியாக எழுதுகிறார். இரண்டாம் கடிதம் இன்னும் ஆழமானது. முரண்படாமை ஒன்றே முதல் உறுதி. எந்த முடிவு அதற்குக் கட்டுப்படுகிறதோ அதுவே தெளிந்த உறுதியுடையது. ஒரு பொருள் இருக்கிறது என்பதிலிருந்து அதனின் வேறான இன்னொரு பொருள் இருக்கிறது என்று முடிவு செய்தால், முதலாவதை ஒப்பி இரண்டாவதை மறுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆகையால் அந்த முடிவு தெளிந்த உறுதியுடையதாகாது. தடை எதுவும் இல்லாத நிலையில் நெருப்பைச் சணல் துய்யின் அருகே கொண்டுபோனால் அது எரியும் என்பதுகூட இந்த அளவுகோலில் தேறாது. அரிஸ்டாட்டிலின் இயற்கை மெய்யியல் முழுவதிலும் உறுதியான முடிவுகள் இரண்டு தேறினாலே அதிகம் என்று அவர் எழுதிவிட்டார்.

பஞ்சையும் நெருப்பையும் வைத்து இதே போன்ற ஐயத்தை 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இஸ்லாமிய இறையியலாளர் அல் கஸ்ஸாலி எழுப்பியிருந்தார்: எரிவதை நெருப்பின் அருகே காண்கிறோம், நெருப்பால் என்று காண்பதில்லை என்றார் அவர். ஆனால் இருவரின் நோக்கும் வேறு. கஸ்ஸாலிக்கு அற்புதங்களின் இயலுமையைக் காக்க வேண்டியிருந்தது. ஓட்ரகூருக்கு உறுதியான அறிவின் எல்லையை அளக்க வேண்டியிருந்தது. அளந்ததற்குக் கிடைத்த பரிசு கண்டனம். 1346இல் அவருடைய கூற்றுகள் கண்டிக்கப்பட்டன. 1347 நவம்பரில் பாரிஸில் அவர் தம் கருத்துகளைப் பகிரங்கமாகக் கைவிட, எழுத்துகள் எரிக்கப்பட்டன. பிற்காலத்தில் மெட்ஸ் பேராலயத்தில் உயர் பதவியில் இருந்தார்.

எரிப்பதைவிட நல்ல மறுமொழியைத் தந்தவர் பாரிஸின் கலைப் பிரிவிலேயே வாழ்நாளெல்லாம் கற்பித்த ழான் பூரிடான். இறைவனின் வரம்பற்ற ஆற்றலைக் கருதினால் இயற்கை பற்றிய எந்தக் கூற்றும் பொய்யாகக்கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உறுதி என்பது ஒரே அளவினது என்று யார் சொன்னது? முரண்படாமை போன்றவற்றுக்கு எந்நிலையிலும் மாறாத உறுதி உண்டு. நெருப்புச் சுடும் என்பதற்கு, இயற்கை தன் வழக்கமான போக்கில் செல்கிறது என்ற நிபந்தனையின் கீழ் உறுதி உண்டு. பல முறை கண்டு, மாறாக ஒருமுறையும் காணாத நிலையில், உண்மையை நாடும் தன் இயல்பான சார்பினால் அறிவாற்றல் அந்தப் பொதுக்கூற்றுக்கு இசைகிறது. இயற்கையறிவுக்கு இவ்வளவு போதும். இவற்றுக்கும் கீழே, செயலுக்குப் போதிய உறுதி ஒன்று உண்டு. முறைப்படி விசாரித்து, சான்றுகளின்படி ஒருவரைக் குற்றவாளி என்று தீர்த்த நீதிபதி, அந்த மனிதர் உண்மையில் குற்றமற்றவராக இருந்தாலும் சரியாகவே நடந்துகொண்டார். மீயியற்கை நிகழ்வுகளைக் காட்டி இயற்கை அறிவையும் அறவியலையும் அழிக்க முனைபவர்களை மிகத் தீயவர்கள் என்று பூரிடான் சினந்து எழுதுகிறார். அடக்கமான அவருடைய நடையில் இவ்வளவு கடுமை வேறெங்கும் எளிதில் தென்படாது. காரணத்தைப் பற்றிய கேள்வி அவரிடம் மீண்டும் மனத்தைப் பற்றிய கேள்வியாகிவிட்டதைக் கவனிக்கலாம்: நெருப்புக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு முரண்படாமையிலிருந்து வராது என்றால், அதை ஏற்கும் இயல்பான சார்பு நம் அறிவாற்றலிலேயே இருக்க வேண்டும்.

1637இல் வெளியான தம் ஒளியியல் நூலில் பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட், காற்றில் பறந்து திரியும் சிறு உருவங்கள் என்று சாயல்களைக் கேலி செய்தார். பாடநூல்கள் இக்கேலியை இன்றும் திருப்பிச் சொல்கின்றன. இது நியாயமற்றது. சாயல் ஒரு பருப்பொருள் அன்று, இடம்விட்டு இடம் பயணிப்பதும் இல்லை, ஊடகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் புதிதாகப் பிறக்கிறது என்று பேக்கன் தெளிவாகவே எழுதியிருந்தார். சாயலே வேண்டாம் என்று ஒலிவியும் ஆக்கமும் டெகார்ட்டுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டிருந்தார்கள். சாயலையும் வடிவத்தையும் விலக்கிய பிறகும் சடத்துக்கும் மனத்துக்கும் இடையிலான காரண உறவு எளிதாகிவிடவில்லை. 1643 மே மாதத்தில் பொஹீமிய இளவரசி எலிசபெத் டெகார்ட்டுக்குக் கடிதம் எழுதி, பரப்பில்லாத, அதாவது இடத்தை அடைக்காத, ஆன்மா பரப்புள்ள உடலை எவ்வாறு அசைக்கிறது என்று கேட்டார். மறுமொழி எழுத உட்கார்ந்த டெகார்ட் தம் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டது, பொருளின் கனம் என்பது எதையும் தொடாமலே அப்பொருளைக் கீழ்நோக்கி நகர்த்தும் ஒரு பண்பு என்ற பழைய ஸ்கொலாஸ்டிக் கருத்தை.